தாளின் பின்பக்கம்

மே 2

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்னால், ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் எழுந்து நின்று என்னிடம் கேட்டான்: "சார், தெரியாததை எழுதிக் காட்டுனா மார்க்கைக் குறைச்சிருவீங்களா?"

கணக்குத் தேர்வில் நான் வைத்திருந்த ஒரு வழக்கத்தைப் பற்றிய கேள்வி அது. முன்பக்கங்களில் தெரிந்த கணக்கைப் போட வேண்டும். கடைசித் தாளின் பின்பக்கத்தில், எது தெரியவில்லை, எந்த வரியில் கை நின்றுபோனது என்று எழுத வேண்டும். அதற்கு மதிப்பெண் கிடையாது. அதற்காகக் குறைப்பதும் கிடையாது. நான் மட்டும் படிப்பேன். படித்துவிட்டு அந்த இடத்தை மறுபடி நடத்துவேன்.

"குறைக்க மாட்டேன்" என்றேன்.

அவன் உட்காரவில்லை. "வேற யார்ட்டயும் காட்டுவீங்களா?"

"காட்ட மாட்டேன்."

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தான்.

அந்தப் பையன் இசக்கிராஜ். இப்போது முப்பத்திரண்டு வயது. எங்கள் ஊர் கரிசல் கிங்ஸ் ஹாக்கி அணியின் கோல்கீப்பர். இன்று மைதானத்தில் இருபது ஆட்டக்காரர்களுக்கும் ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். முன்பக்கம் உங்கள் பலம், பின்பக்கம் உங்கள் குறை, நான் மட்டும்தான் படிப்பேன் என்றேன். இசக்கி பக்கத்தில் இருந்தவனிடம், "சார் படிக்கிறதோட சரி. அந்தக் காலத்துலயே அப்படித்தான்" என்று எனக்காக ஜாமீன் கொடுத்தான். மனம் நிறைந்துபோனது.

மே 5

இந்த டைரியை என்றைக்காவது யாராவது புரட்டினால் விளங்க வேண்டும். நான் கோவில்பட்டியில் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பள்ளி ஹாக்கி அணிக்கு இருபத்தாறு ஆண்டுகள் மேலாளராக இருந்து, ஒவ்வொரு ஆட்டத்தையும் நோட்டில் குறித்து வைத்தேன். ஓய்வுக்குப் பிறகு கிங்ஸ் ஆட்டங்களையும் அப்படியே குறித்தேன். அந்த நோட்டுகளைப் பார்த்துத்தான் கிங்ஸ் நிர்வாகம் என்னைக் கூப்பிட்டது. சீசன் முடிந்துவிட்டது. அடுத்த சீசனுக்கு யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது, யாரைப் புதிதாக எடுப்பது என்று திட்டம் போட வேண்டும். ஜூன் முப்பதுக்குள் பட்டியல் போய்ச் சேர வேண்டும்.

அதற்குக் கார் வருகிறது. "சார், வண்டி கீழ நிக்குது" என்று டிரைவர் போன் செய்கிறார். ஓய்வு பெற்ற மூன்று வருடத்தில் என்னை யாரும் எதற்கும் யோசனை கேட்டதில்லை.

காலையில் என் மனைவி சண்முகவடிவு, "சம்பள உச்சவரம்புன்னு போன்ல சொன்னீங்களே, அது என்னது?" என்று கேட்டாள்.

பள்ளியின் கால அட்டவணையை உதாரணம் காட்டினேன். வாரத்துக்கு நாற்பது பீரியடு. நாற்பத்தொன்று ஆக முடியாது. லீக்கும் அப்படித்தான். ஓர் அணி தன் ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் சேர்த்து நான்கு கோடிக்கு மேல் சம்பளம் கொடுக்கக் கூடாது. முதலாளியிடம் நாற்பது கோடி இருந்தாலும் நான்குதான். "சரி, கணக்குக்கு ஒரு பீரியடு கூட்டணும்னு வை. எங்க இருந்து எடுப்பேன்?"

"பி.டி. பீரியட்லருந்துதான் எடுப்பீங்க" என்றாள். "அதுதான எப்பவும் வாயத் தெறக்காது."

முப்பது வருடம் கால அட்டவணை போட்டவனோடு குடும்பம் நடத்தியவள்.

மே 9

தாள்கள் வந்து சேர்ந்தன. பெரும்பாலும் பின்பக்கத்தில் ஒப்புக்கு எழுதியிருக்கிறார்கள். 'கோபம் வரும்.' 'காலையில் எழுவது கஷ்டம்.' ஒருவன், 'என் குறை பிரியாணி' என்று எழுதிப் படமும் போட்டிருந்தான்.

இசக்கியின் தாளை மூன்று முறை படித்தேன். அப்படியே எழுதிவைக்கிறேன்:

'பகலில் ஒன்றும் இல்லை. லைட் வெளிச்சத்தில் இடது பக்கம் வரும் பந்து இரண்டாகத் தெரிகிறது. ஜனவரியிலிருந்து. நான் கீழே தெரிகிற பந்தைத்தான் நம்புகிறேன். இதுவரை அதுதான் நிஜப் பந்தாக இருந்தது. வீட்டில்கூடத் தெரியாது. மறுபடி நடத்துங்க சார்.'

மதுரையில் நல்ல கண் மருத்துவர்கள் இருக்கிறார்கள். யாருக்கும் தெரியாமல் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். இந்த வாரமே. தாளைப் பீரோவில், ஓய்வூதியப் புத்தகத்துக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

மே 14

தண்ணீர் வந்தது. எட்டு நாளைக்கு ஒரு முறை வருகிற தண்ணீர், மோட்டார் ஓடாததால் தொட்டிக்கு ஏறவில்லை. வடிவு குடத்தில் சுமந்துகொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து இசக்கி வந்தான்.

"என்ன சார், மோட்டார் இப்படி அழுவுது?"

"மூணு நாளா அப்படித்தாம்ல. மெக்கானிக்கு வாரேன் வாரேங்கான், வரமாட்டேங்கான்."

"ஸ்பேனர் இருக்கா?"

அரை மணி நேரத்தில் கழற்றி, வாஷர் மாற்றி, ஓடவிட்டான். கையைக் கழுவிக்கொண்டே, வந்த விஷயத்தைச் சொன்னான்.

"சார், எனக்கு இன்னும் ஒரு வருசம் காண்ட்ராக்ட் இருக்கு. இருபத்திநாலு லட்சம். ரோஷிணி மேடத்துக்கு அது இடிக்கும்னா, பன்னெண்டுக்கு எழுதிக் குடுத்திருதேன். ரூல்ல அதுக்கு இடம் இருக்காம்லா. எனக்கு அடுத்த சீசன் நிக்கணும். ஒரே ஒரு சீசன். அதுக்குப் பெறவு கோச்சிங் வேலைக்காவது கூப்புடுவான்."

ரோஷிணி மேடம் அணியின் தலைமை நிர்வாகி. சென்னைப் பெண். முதலாளியின் வார்த்தை அவள் வாயிலிருந்துதான் வரும்.

"மடையா" என்றேன். "சந்தையில கத்திரிக்கா விலையச் சொன்ன ஒடனே நீயே பாதியாக் கொறச்சா, வாங்க வாறவன் என்ன நெனப்பான்? பூச்சி இருக்குன்னு நெனப்பான்."

"பூச்சி இருக்கத்தான சார் செய்யுது" என்று இடது புருவத்தைத் தொட்டுக் காட்டிச் சிரித்தான்.

"மதுரைக்குப் போவோம். நான் இருக்கேன்லா. நீ ஒம்பாட்டுக்கு இரு. யார்ட்டயும் விலை பேசாத."

"நீங்க சொன்னாச் சரி சார்."

வடிவு அவனுக்குத் தோசை சுட்டாள். ஒன்பது தின்றான்.

மே 20

நிர்வாகக் கூட்டம். கோச் ஃபெலிக்ஸுக்கு ஹாலந்துக்காரன் ஹென்ட்ரிக் வேண்டும். பெனால்டி கார்னரில் அவனைவிட வேகமாக அடிக்க ஆள் கிடையாது. விலை அறுபது லட்சம். போன சீசனில் நாங்கள் முப்பத்தோரு பெனால்டி கார்னர் வாங்கி நான்கு கோல்தான் போட்டோம். என் நோட்டே அதைச் சொல்கிறது. ஹென்ட்ரிக் வேண்டும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை.

அவனைச் சேர்த்தால் வரம்புக்கு மேல் இருபத்து மூன்று லட்சம் போகிறது.

"சார், எங்க இருந்து எடுக்கறதுன்னு நீங்கதான் சொல்லணும்" என்றாள் ரோஷிணி. "பெங்களூர்ல ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி இதையெல்லாம் ரெண்டு நாள்ல பண்ணித் தருதாம். முதலாளி கேட்டுட்டே இருக்கார். நான்தான் நம்ம சார் இருக்கார்னு சொல்லி வெச்சிருக்கேன்."

மே 23

மதுரை போகவில்லை. வடிவின் அண்ணன் பேரனுக்குக் காது குத்து.

மே 30

பழைய பழக்கப்படி அட்டையில் வேலை செய்கிறேன். கால அட்டவணை போடும்போது பாடத்துக்கு ஒரு வண்ணத் துண்டு வெட்டுவேன். இப்போது ஆளுக்கு ஒரு துண்டு. சம்பளம் எவ்வளவோ துண்டும் அவ்வளவு நீளம். மொத்தத் துண்டுகளும் அட்டையின் சிவப்புக் கோட்டுக்குள் அடங்க வேண்டும்.

விதி இப்படி. ஒப்பந்தம் இருக்கும் ஆட்டக்காரரைச் சும்மா விடுவித்தால், அவர் சம்பளத்தில் பாதி அணியின் கணக்கிலேயே நிற்கும். பாதித் துண்டைக் கத்தரித்து மறுபடி ஒட்ட வேண்டும். லீக் மருத்துவர் உடல் தகுதி இல்லை என்று எழுதிக் கொடுத்தால் மட்டும் முழுத் துண்டும் போய்விடும்.

இருவரை விட்டுப் பார்த்தேன். போதவில்லை. மூவரை விட்டுப் பார்த்தேன், நடுக்களத்தில் ஆளில்லை. சும்மா ஒரு பரிசோதனைக்கு இசக்கியின் துண்டை முழுதாக எடுத்துப் பார்த்தேன். இருபத்து நான்கு. சிவப்புக் கோட்டுக்குள் ஒரு விரற்கடை இடம்கூட மிச்சம் இருந்தது.

திரும்ப வைத்துவிட்டேன். எடுத்துப் பார்ப்பதில் ஒன்றும் தவறில்லை. கணக்குப் போடும்போது எல்லா எண்ணையும்தான் போட்டுப் பார்க்கிறோம்.

ஜூன் 2

அலுவலகத்தில் ரோஷிணியும் நானும் மட்டும். அவள் விதிப்புத்தகத்தை வைத்துக்கொண்டு, "சார், இந்த மெடிக்கல் ரூல் நம்ம டீம்ல யாருக்காவது பொருந்துமா? முட்டி, முதுகு, ஏதாவது?" என்று கேட்டாள்.

அந்த விதியே குறையுள்ளது என்பதை அவளுக்கு விளக்க நினைத்தேன். "அதை எப்படி மேடம் கண்டுபிடிப்பாங்க? வெளியில தெரியாத குறை எவ்வளவோ இருக்கும். உதாரணத்துக்கு, ஒரு கோல்கீப்பர் இருக்கார்னு வைங்க. பகல்ல அருமையாப் பிடிப்பார். லைட் போட்டா மட்டும் இடது பக்கம் வர்ற பந்து ரெண்டாத் தெரியும். எக்ஸ்ரே எடுத்தாத் தெரியுமா? ஸ்கேன் எடுத்தாத் தெரியுமா? அவரா வந்து சொன்னாத்தான் உண்டு."

அவள் பேனா நின்றது. அப்புறம் தண்ணீர் குடித்தாள். "நல்ல உதாரணம் சார்" என்றாள்.

நான் பெயர் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு முறை நினைத்துப் பார்த்தேன். சொல்லவில்லை. எங்கள் அணியில் கோல்கீப்பர்கள் இரண்டு பேர். இன்னொருவன் மலேசியாக்காரன், இன்னும் ஓர் இரவு ஆட்டம்கூட ஆடாதவன். இருந்தாலும் உதாரணம் உதாரணம்தான். வகுப்பில் 'ராமு பத்து மாம்பழம் திருடினான்' என்றால் ராமு என்று பெயருள்ள பையனைப் பிடித்துக்கொண்டு போவார்களா?

ஜூன் 3

மதுரை போகவில்லை. பஸ் இருந்தது.

ஜூன் 6

ரோஷிணி போன் செய்தாள். டீம் முழுவதற்கும் கண் பரிசோதனை. லீக் மருத்துவர் மதுரையில் பார்க்கிறார். "ஒரே ஒருத்தர் மட்டும் டேட் தள்ளிப் போடறார் சார். நீங்க சொன்னா வருவார்."

இசக்கிக்குப் போன் போட்டேன்.

"சார், அந்த டெஸ்டுக்குப் போவாண்டாம்னு பாக்கேன்" என்றான். "நாம தனியாப் போறதாத்தான பேச்சு."

"எல்லாருக்கும்தாம்ல எடுக்காங்க. நீ மட்டும் போவலன்னா சந்தேகப்பட மாட்டாங்களா? உதாரணத்துக்கு, வகுப்புல எல்லாரும் நோட்டக் காட்டும்போது ஒருத்தன் மட்டும் காட்டலன்னா வாத்தியார் யார் பைய மொதல்ல தெறப்பார்?"

"நீங்க கூட வாரீங்களா சார்?"

"வாரேன்."

ஜூன் 10

கடைசியில் அவனை மதுரைக்குக் கூட்டிப்போய்விட்டேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு விட்டுக்கொடுத்தான். சாத்தூரில் வெள்ளரிக்காய் வாங்கினான். மற்றவர்களுக்கு எழுத்துப் பலகையைக் காட்டி ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். அவனை இருட்டறையில் உட்காரவைத்து, எதிரே பெரிய விளக்கைப் போட்டு, இடது பக்கமிருந்து ஒரு வெள்ளைப் பந்தை ஆட்டினார்கள். எத்தனை பந்து, எத்தனை பந்து என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கதவு முழுதாகச் சாத்தவில்லை. முதலில் ஒன்று என்றான். அப்புறமும் ஒன்று என்றான். ஆறாவது முறை, "கீழ உள்ளதுதான் சார் நிசம்" என்றான்.

மருத்துவர் நல்ல மனிதர். என்னை அவன் அப்பா என்று நினைத்துவிட்டார். "கண் தசையில பலவீனம். ஆறு மாசம் வைத்தியம் பண்ணினா பெரும்பாலும் சரியாயிடும். ஒரு மாசம் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தாக்கூட, நவம்பர்ல சீசன் தொடங்கறதுக்குள்ள முடிச்சிருக்கலாமே" என்றார். "இப்போ நான் தகுதி இல்லைன்னுதான் எழுதியாகணும்."

ஒரு மாதத்துக்கு முன்னால் மே 10. தாள் பீரோவுக்குள் போன மறுநாள்.

திரும்பும்போது இசக்கி தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

ஜூன் 16

விடுவிப்புக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். இரண்டு மாதச் சம்பளம் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். இனி மாற்ற முடியாது. அட்டையிலிருந்து அவன் துண்டை எடுத்தேன். பச்சை நிறம்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை.

"சார், டெஸ்ட் எல்லாருக்கும் ஒண்ணு கெடையாது. எனக்கு மட்டும் இருட்டுல வச்சுப் பாத்தாங்க. எடது பக்கம்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? யாரோ சொல்லிருக்கான்."

நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"உங்களத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. உங்களச் சந்தேகப்பட்டா என் நாக்கு அழுவிரும். தைட்டஸா இருக்குமோன்னு ஒரு எண்ணம். ரூம்ல சொட்டு மருந்து பாட்டிலப் பாத்துட்டான் ஒரு நாளு. தூசின்னு சொல்லிச் சமாளிச்சேன்."

தைட்டஸ் அணியின் தடுப்பாட்டக்காரன். வெளியூர் ஆட்டங்களில் ஏழு வருடமாக இவனோடு ஒரே அறை. இசக்கி கோலில் நின்றால் அவன் முன்னால் நிற்பான்.

"யாரையும் அவசரப்பட்டுச் சொல்லக் கூடாது" என்றேன். சத்தியமாக நான் முதலில் சொன்னது இதுதான். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா கூடவே படுத்து எந்திரிக்கிறவங்களுக்கு எதையும் மறைக்க முடியாது, பாத்துக்கோ. உதாரணத்துக்கு, எனக்குப் பல்லு வலிச்சா நான் சொல்றதுக்கு முன்னாடியே வீட்ல வடிவுக்குத் தெரிஞ்சிரும்."

அவன் தலையை மெல்ல ஆட்டினான். கணக்குப் புரிந்தவுடன் சின்ன வயதில் ஆட்டுவானே, அதே தலையாட்டல்.

"அவந்தான்" என்றான்.

நான் அவன் பெயரைச் சொல்லவில்லை.

ஜூன் 17

கடைவாய்ப் பல் பிடுங்கினேன். வலி இல்லை.

ஜூன் 28

ஹென்ட்ரிக் கையெழுத்துப் போட்டுவிட்டான். வேறு அணி எதுவும் கேட்காததால் அவன் ஏஜென்டு இறங்கி வந்து, நாற்பத்தெட்டு லட்சத்துக்கு முடிந்தது. பட்டியல் போய்விட்டது. அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். முதலாளி எனக்குச் சால்வை போட்டார். பெங்களூர் கம்பெனி பேச்சு இனி எழாது.

வீட்டில் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்த வடிவு, "கோட்டுக்கு இங்கிட்டு இவ்வளவு இடம் கெடக்கே, இது என்னது?" என்றாள்.

"பதிமூணு லட்சம். மிச்சம்."

"இசக்கி எவ்வளவுக்கு நிக்கேன்னான்?"

சால்வையை மடித்துக்கொண்டிருந்தேன்.

"பன்னெண்டுன்னுதான சொல்லிச்சு அந்தப் புள்ள? தோச சுட்டுட்டு இருந்தேன், காதுல விழுந்துது."

"விலையக் கொறச்சுக்காதன்னு அவன் நல்லதுக்குத்தான் சொன்னேன்."

"நான் ஒண்ணும் சொல்லலியே" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஜூலை 8

விடுபட்ட ஆட்டக்காரர்களுக்கான ஏலம், சென்னையில். ஆறு அணிகள், ஆறு மேசைகள். ஆட்டக்காரர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வரும். வேண்டியவர்கள் அட்டையைத் தூக்க வேண்டும்.

இசக்கி தனியாக ஒரு மருத்துவரிடம் சான்று வாங்கி, பெயர் கொடுத்திருந்தான். அடிப்படை விலை மூன்று லட்சம். திரையில் அவன் படம் வந்தது, ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்கிற படம். கீழே சிவப்பில் 'மருத்துவ விடுவிப்பு' என்று எழுதியிருந்தது.

பத்து விநாடி காத்திருப்பார்கள். பத்து விநாடி எவ்வளவு நீளம் என்று வகுப்பில் நான் விளக்கியதுண்டு: கேள்வி கேட்டுவிட்டு யாருக்கும் விடை தெரியாதபோது காத்திருக்கிற நேரம். ஒரு மேசையில் யாரோ கண்ணைக் கசக்கிக் காட்ட, பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். எங்கள் மேசையில் அட்டை என் கைக்கு எட்டுகிற தூரத்தில் கிடந்தது. பதிமூன்று லட்சம் மிச்சம் இருந்தது. ரோஷிணி போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அட்டையின் ஓரத்தைத் தொட்டேன்.

அது சாய்ந்திருந்தது. நேராக வைத்தேன்.

சுத்தியலைத் தட்டிவிட்டு அடுத்த பெயரைப் படித்தார்கள்.

ஜூலை 15

தைட்டஸ் வந்தான். உதடு கிழிந்து தையல் போட்டிருந்தது. பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் பார்க்க இசக்கி அடித்திருக்கிறான்.

"நான் திருப்பி அடிக்கல சார். அந்தோணியார் சத்தியமாச் சொல்லுதேன், அந்த மருந்து பாட்டிலப் பத்தி என் பொண்டாட்டிகிட்டக்கூட மூச்சு விட்டதில்ல. எனக்கு அவன் கண்ணு மார்ச்சுலயே தெரியும். அதனாலதான் எடது பக்கம் ஒரு அடி தள்ளி நின்னேன் சீசன் முடியுற வரைக்கும். வர்ற பந்த நானே வாங்கிக்கிட்டேன். இந்தாங்க பாருங்க."

கால்சட்டையைத் தூக்கிக் காட்டினான். இடது தொடையில் பழைய பந்தடிகளின் தழும்புகள், கறுப்புக் கறுப்பாக.

என் நோட்டில் அது இருந்தது. 'தைட்டஸ் இந்த சீசனில் இடது பக்கம் அதிகம் நகர்கிறான், காரணம் தெரியவில்லை' என்று மார்ச்சில் நானே எழுதியிருக்கிறேன்.

"நீங்க ஒரு வார்த்த சொன்னா அவன் கேப்பான் சார். நீங்க சொன்னா மட்டுந்தான் கேப்பான்."

"சொல்றேன்" என்றேன்.

ஜூலை 22

இன்னும் சொல்லவில்லை. மோட்டார் நன்றாக ஓடுகிறது.

ஜூலை 29

ஓய்வூதியப் புத்தகம் எடுக்கப் பீரோவைத் திறந்த வடிவு, அந்தத் தாளோடு வந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நின்றபடியே படித்தாள். திருப்பி முன்பக்கத்தையும் படித்தாள். அதை நான் படித்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நான் எப்போதும் பின்பக்கத்தைத்தான் படிப்பேன்.

'என் பலம்' என்ற தலைப்பின் கீழ் ஒரே வரி: 'சார் இருக்கிறார்.'

"அந்தப் புள்ளைக்கு என்ன நடத்துனீங்க?" என்று கேட்டாள்.

உதாரணம் ஒன்றும் வாயில் வரவில்லை.

ஜூலை 30

இசக்கி ஒரு தீப்பெட்டி ஆலையில் லோடு ஏற்றுகிறான் என்று டிரைவர் சொன்னார். பகல் ஷிப்டுதானாம்.

அவன் வீட்டுத் தெரு வரைக்கும் நடந்தேன். வாசலில் கோல்கீப்பர் காலுறைகள் இரண்டும் கொடியில் காய்ந்தன. கழுவி வைக்கிறான். தெருமுனைக் கடையில் கடலைமிட்டாய் கால் கிலோ வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். பல் எடுத்த பக்கம் கடிக்க முடியவில்லை.

ஆகஸ்ட் 3

புதிய ஆட்டக்காரர்கள் வந்துவிட்டார்கள். காலையில் ரோஷிணி, "சார், உங்க அந்தப் பின்பக்க மெத்தட் பிரமாதம். புது ஆளுங்களுக்கும் கொடுத்திடுங்க" என்றாள். அவள் கையிலேயே தாள் கட்டு இருந்தது, அச்சடித்து, அணியின் சின்னத்தோடு.

கொடுத்தேன். முன்பக்கம் பலம், பின்பக்கம் குறை, நான் மட்டும்தான் படிப்பேன் என்றேன். என் குரல் நன்றாகவே இருந்தது. முப்பத்தைந்து வருடம் பழகிய குரல்.

அரியலூரிலிருந்து வந்திருக்கும் நடுக்களக்காரன் ஒருவன், இருபத்தேழு வயது, எழுந்து நின்றான். "ஐயா, இதை வேற யாருக்கும் காட்டுவீங்களா?"

வாசல் பக்கம் ரோஷிணி நின்றிருந்தாள். தைட்டஸ் மூலையில் காலுறையைச் சரிசெய்துகொண்டிருந்தான், நிமிரவில்லை.

"காட்ட மாட்டேன்" என்றேன்.

அவன் உட்கார்ந்தான். எல்லாரும் குனிந்து எழுதினார்கள். தைட்டஸ் தாளை வாங்கியபடியே திருப்பிக் கொடுத்தான், இரு பக்கமும் வெள்ளையாக. மற்றவர்கள் பின்பக்கம் நிறைய எழுதியிருக்கிறார்கள். கட்டு கனமாக இருக்கிறது. மேசையில் இருக்கிறது. இன்னும் படிக்கவில்லை. படிப்பேன்.

எனக்கு யாருக்காவது எதையாவது நடத்தித்தான் பழக்கம். அதனால் இதைப் படிக்கிற உங்களுக்கு ஒரு பயிற்சி. ஒரு தாள் எடுங்கள். அதன் பின்பக்கத்தில், உங்களால் முடியாத ஒன்றை உள்ளபடி எழுதுங்கள். நான்காக மடியுங்கள். உங்களுக்கு மிகவும் பிடித்த ஆசிரியர் வந்து, அன்பாகக் கையை நீட்டுவார். கொடுக்காதீர்கள்.